கீழ்ப்பைப்பில் ஒரு கோடு

ஜனவரி 9, வியாழன்

வால்பாறையில் ஏலம். எஸ்டேட்டில் பழைய பாய்லர் அறையைக் காலி செய்கிறார்கள். நான் போனது பைப்புக்காக. கேட்க வந்த மற்ற இருவரும் துருவைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். துரு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எடுத்துவிட்டேன்.

லோடு ஏற்றும்போதுதான் சுவரில் தொங்கிய சைக்கிளைப் பார்த்தேன். கிளார்க், அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள், அறை காலியானால் சரி என்றார்.

வினோதமான சைக்கிள். டயர் மொபெட் டயர் பருமன். ஹேண்டில்பார் காங்கேயம் காளையின் கொம்பு மாதிரி அகலம். ஒரு பைப் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மெழுகிவிட்டதுபோல் இணைப்புகள். நான் குள்ளம். எந்த வண்டியில் ஏறினாலும் என் கால் தரையைத் தேடும். இதில் ஏறி நின்றேன், இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. எனக்கென்று அளவெடுத்துச் செய்த மாதிரி. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். லோடு சரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதாக டிரைவர் நினைத்திருப்பான்.

ஜனவரி 12, ஞாயிறு

நவநீதன் சைக்கிளைக் கழுவிப் பார்த்துவிட்டு, இது மலைப்பாதையில் ஓட்டுகிற வண்டி என்றும் கம்பெனியில் செய்ததல்ல, யாரோ ஓர் ஆள் கையாலேயே செய்தது என்றும் சொன்னான். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குழு ஒன்றில் படம் போட்டிருக்கிறான். கடை வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் என் மகனுக்கு ஞானம் உண்டு.

டாக்டர் நடக்கச் சொல்லி ஒரு வருஷமாகிறது. நடை எனக்குப் பிடிப்பதில்லை, வேலை இல்லாதவன் செய்வது போலிருக்கும். சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று அறிவித்தேன்.

வீட்டுக்காரி ருக்குமணி, "பேரனுக்கு வாங்கோணும்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. இப்பத் தனக்கே வாங்கிட்டாரு" என்றாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கடை லீவு. சீட்டுத் தண்டு ஃப்ரேமுக்குள் துருவேறி இறுகிப்போயிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, வெந்நீர் ஊற்றி, சாயங்காலம் வரை போராடினேன். வெளியே வந்தபோது சொத்தைப்பல்லைப் பிடுங்கிய சுகம். கையெல்லாம் கிழிசல். பல வருஷமாக நான் இரும்பை விற்கத்தான் செய்கிறேன், தொட்டு வேலை செய்து எவ்வளவு காலமாயிற்று.

ஜனவரி 21, செவ்வாய்

சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் பால்ஸ் மாற்றியாயிற்று. ரிம்மில் கோட்டம் எடுத்தாயிற்று. செயினும் ஃப்ரீவீலும் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டன. இனி பெயிண்ட்தான்.

பழைய பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பாக நின்றதும், பழக்க தோஷம், நடுவில் நகத்தால் சுண்டிப் பார்த்தேன். பைப் கடைக்காரனுக்கு டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி அது. தகர டப்பா போலச் சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்டுக்கும் கொட்டகைக்கும் கொடுக்கிற பைப்பில் பாதிக் கனம்கூட இல்லை. செய்தவன் இணைப்பில் அழகு காட்டிவிட்டு, பைப்பில் ஏமாற்றியிருக்கிறான். இந்த வேலையை நான் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்!

ஹேண்டில்பார் பைப்பிலிருந்து பெடலுக்குச் சரிந்து இறங்குகிற கீழ்ப்பைப்தான் மொத்த எடையையும் தாங்குவது. அதன் தலைமாட்டில், அடிப்பக்கமாக, நல்ல கனத் தகடு ஒன்றை வெட்டி வைத்து வெல்டு செய்யச் சொன்னேன். நம் வெல்டர் மயில்சாமி எதையும் கேட்கிறவனல்ல. சொன்ன இடத்தில் பற்றவைத்தான். சுத்தமான வேலை. மேலே பட்டி வைத்துத் தேய்த்ததும் தகடு இருப்பதே தெரியவில்லை.

இப்போது யானை ஏறினாலும் தாங்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

அரக்குச் சிவப்பு. கார் பெயிண்ட். கடை வாசலில் நிறுத்தியிருந்தேன், வந்தவர்கள் எல்லாரும் ஜி.ஐ. பைப்பை விட்டுவிட்டு அதைத்தான் விசாரித்தார்கள்.

எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பஜார் கோடி வரை போய் வந்தேன். தூக்கிய தலையை இறக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "அண்ணாச்சி, பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமுங்களா?" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வாய்க்கால் கரையோடு போனேன். தென்னந்தோப்புக்குள் மண்பாதை. வேர், கல், மட்டை, எல்லாவற்றின் மேலும் வண்டி தாவி ஏறி இறங்குகிறது. முதலில் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கையைத் தளர்த்திவிட்டால் போதும் என்று புரிந்தது. வண்டிக்கு வழி தெரிகிறது. ஒரு மேட்டில் மூச்சுத் திணறி கியரைக் குறைத்தேன். யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது போலிருந்தது.

மேட்டின் மேல் நின்று யாருமில்லை என்று பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி 19, புதன்

அந்தச் சைக்கிளுக்குச் சொந்தக்காரி உயிரோடு இருக்கிறார்.

மகன் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தார். எஸ்தர் ஞானமணி. காட்டு ஆராய்ச்சி செய்தவர். வால்பாறைக் காடுகளில் இருவாச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தாராம், இந்தச் சைக்கிளில். இளம்வயதில் வேல்ஸ் என்கிற ஊரில் படிக்கும்போது, காரெத் என்ற ஒருவர் அவருடைய கால், கை எல்லாம் டேப் வைத்து அளந்து செய்து கொடுத்தது. வேலை முடிந்து கிளம்பும்போது எஸ்டேட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். திரும்பக் கேட்கவில்லை. ஏலத்தில் நியாயமாக எடுத்தது உங்களுடையதுதான், ஒரு தடவை பார்க்க மட்டும் வேண்டும் என்றார். நல்ல குரல்.

அப்புறம் கேட்டார், "ஃப்ரேமுல யாரும் வெல்டிங் எதுவும் பண்ணலியே சார்?"

"தொடவே இல்லீங்க மேடம். வந்தது வந்தபடி" என்றேன். வாடிக்கையாளர் கேட்டால் ஸ்டாக் இருக்கிறது என்று வாய் தானாகச் சொல்லுமே, அப்படி வந்துவிட்டது.

அவர் நிம்மதியாகி, ஏன் கேட்டார் என்று விளக்கினார். அந்தப் பைப்புக்கு வெளியே ஒரே பருமன். உள்ளே இரண்டு முனையிலும் கனமாகவும் நடுவில் மெலிந்தும் இருக்குமாம். வேண்டுமென்றே அப்படி. அந்த மெலிவுதான் கல்லின் அதிர்ச்சியை விழுங்குகிறது. அது தனி உருக்கு. நம் வெல்டிங் சூடு பட்டால் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று காரெத் அப்போதே எச்சரித்திருந்தாராம்.

நான் நடுவில்தான் சுண்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மயில்சாமியிடம் விசாரித்தேன். தகட்டை இனி எடுக்க வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், மறுபடி சூடு படும் என்றான். இருப்பது இருக்கட்டும் என்றுவிட்டேன். நேற்றைக்குச் சொன்ன பொய்யை இன்றைக்குப் போன் போட்டு மாற்றிச் சொல்வது எப்படி? பைப் வியாபாரிக்குப் பைப் தெரியவில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லமாட்டார். ஆனால் அவருக்குத் தெரியும் அல்லவா.

மார்ச் 3, திங்கள்

எஸ்தர் மேடம் வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னைப் போலவே குள்ளம். முடியைக் கத்தரித்திருந்தார். இடது முழங்காலை இழுத்து நடக்கிறார்.

சைக்கிளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "பாசி நிறத்துல இருந்தது. இப்பக் கல்யாணப் பொண்ணாட்டம் நிக்குது" என்றார். மேல்பைப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவினார். கை கீழே இறங்குமுன் நான் இளநீர் டம்ளரை நீட்டிவிட்டேன். அதற்கப்புறம் அவர் நின்ற இடத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவிலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். ருக்குமணி, உபசாரம் என்றால் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள்.

ஏப்ரல் கடைசியில் மேடத்துக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். அதற்கப்புறம் மலைப்பாதை கிடையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குமுன் ஒரே ஒரு தடவை, எஸ்டேட் பங்களாவிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற பழைய பாதையில், இந்தச் சைக்கிளில் இறங்க வேண்டும். கொடுப்பீர்களா என்று கேட்டார். எடுத்துக்கொண்டே போய்விடுங்கள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன், கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. மாட்டேன் என்றார்.

"இல்ல சார். நீங்க இதுக்கு உயிர் குடுத்திருக்கீங்க. ஒருதரம் இறங்கிட்டுத் தந்திடுறேன்."

சனிக்கிழமை 22ஆம் தேதி என்று முடிவாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

வாய்க்கால் கரையில் வழக்கமான சுற்று. கழுவும்போது பார்த்தேன், கீழ்ப்பைப்பின் அடியில், பட்டி முடிகிற இடத்தில், பெயிண்ட் முடி அளவுக்குப் பிளந்திருந்தது. பட்டி காய்ந்து சுருங்கினால் அப்படித்தான். மீதி பெயிண்ட் இருந்தது, தொட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

அதே இடத்தில் அதே கோடு. கொஞ்சம் நீளம். மறுபடி பெயிண்ட் தொட்டேன். நகத்தை வைத்துப் பார்க்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வெயில். வியாபாரம் மந்தம். மேடம் போன் செய்து, புது ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன், சின்னப் பிள்ளை மாதிரி தூக்கம் வரவில்லை என்றார். வானிலை எப்படி இருக்கும் என்று கேட்டார். மழை வரலாம், தள்ளிப் போடலாமா என்றேன். மழையில்தான் அந்தப் பாதை அழகு என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

இடது காறை எலும்பு முறிவு. பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வலது கை நன்றாக இருப்பதால் எழுத முடிகிறது.

நேற்று எல்லாரும் போனோம். நான், ருக்குமணி, நவநீதன், மேடம், பிக்அப்பில் சைக்கிளும் டிரைவரும். எஸ்டேட் ஆட்கள் சிலர் மேடத்தை அடையாளம் கண்டு வந்து நின்றார்கள். பறவையம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். மழை வரவில்லை. பளிச்சென்ற வெயில்.

பங்களா முன்னால் மேடம் ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துவிட்டார். முகம் இருபது வயதுப் பெண்ணின் முகம். பாதையைப் பார்த்தேன். கல்லும் வேருமாகச் செங்குத்தாக இறங்கி, தேயிலைக்குள் வளைந்து மறைகிறது. அப்புறம் காடு. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். மேடம், இதில் தகடு வைத்து வெல்டு செய்திருக்கிறேன், விரிசல் தெரிகிறது. அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல் ஓட்டம் நான்தானுங்க" என்றேன். "எங்க பஜாருல எந்தக் கடை திறந்தாலும் போணிக்கு என்னையத்தான் கூப்பிடுவாங்க. என் கை ராசி. நான் ஒருக்கா எறங்கி வந்துட்டா அப்புறம் நீங்க தைரியமா எறங்கலாம்."

மேடம் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினார். ருக்குமணி, "வயசான காலத்துல வேசம் போடாதீங்க" என்றாள்.

என் கணக்கு இதுதான். உடைந்தால் என்னோடு உடையட்டும். உடையாவிட்டால் அது வெறும் பெயிண்ட் கோடுதான். எப்படியானாலும் நான் வாய் திறக்க வேண்டியிருக்காது.

முதல் வளைவு தாண்டினேன். வண்டி அருமையாக இறங்கியது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வளைவில் ஒரு பாறை. முன்சக்கரம் அதில் ஏறி இறங்கியதும் கரும்பை முறித்த மாதிரி சத்தம். ஹேண்டில்பார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். தேயிலைச் செடி பிடித்துக்கொண்டது.

கண் திறந்தபோது மேடம் அந்த முழங்காலோடு பாதையில் சறுக்கிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் விழ வேண்டியது சார். நான் விழ வேண்டியது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழுதார்.

என்னை ஜீப்பில் ஏற்றும்போது, உடைந்த சைக்கிளைச் சாக்கில் சுற்றி நம் குடோனில் போடு என்று டிரைவரிடம் சொன்னேன். அந்த வலியிலும் அதற்கு மட்டும் நினைவு தப்பவில்லை.

மார்ச் 24, திங்கள்

எழுதிவிடுகிறேன். அது பட்டி காய்ந்த கோடு அல்ல. முதல் தடவை பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். வருகிறவர்கள் போகிறவர்களுக்குக் காப்பி போட்டே ருக்குமணிக்குக் கை ஓய்ந்துவிட்டது. நவநீதன் நடந்ததை எழுதிப் படத்தோடு போட்டிருக்கிறான். "முன்பின் அறியாத பெண்மணிக்கு வர இருந்த ஆபத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டவர் என் தந்தை." முகம் தெரியாதவர்கள் எல்லாம் வாழ்த்துகிறார்கள். மகன் என்னைப் பற்றிப் பெருமையாக எழுதியது இதுவே முதல் தடவை.

இரும்பு வியாபாரிகள் சங்கத்திலிருந்து வந்து சால்வை போர்த்தினார்கள். தலைவர், வையாபுரியின் உள்மனதுக்கு அன்றைக்கு ஏதோ பட்டிருக்கிறது என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். சால்வையை எடுக்கக்கூட ஒரு கையால் முடியவில்லை. அதைப் போர்த்தியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு புழுக்கத்தில்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ருக்குமணி பிடிவாதமாக ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். தாலி தப்பியதற்கு நேர்த்திக்கடன் என்று நினைத்துத்தான் போனேன். அர்ச்சனை முடிந்ததும் அவள் ஆட்டுக்கல் பக்கம் போனாள்.

அந்தக் கோயிலில் அநியாயம் செய்யப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். செய்தவனைத் தாயே கேட்டுக்கொள் என்று. நகை திருட்டுப் போனவர்கள், நிலம் பறிபோனவர்கள் எல்லாரும் வருவார்கள்.

யாருக்காக அரைக்கிறாய் என்று கேட்டேன்.

"அந்த வண்டியச் செஞ்சவனுக்குத்தான். தரமில்லாத பைப்பைப் போட்டு ஒரு உசுரோட வெளையாடியிருக்கான். எந்தச் சீமையில இருந்தா என்ன, அம்மா கண்ணுக்குத் தப்புமா?"

அந்த ஆள் வயதானவர் பாவம், விட்டுவிடு என்றேன். "நீங்க எல்லாத்துக்கும் எரக்கப்படுவீங்க" என்று சொல்லிவிட்டு அரைத்தாள். மிளகாய் நெடியில் சுற்றி நின்றவர்கள் தும்மினார்கள். அவள் தும்மவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் கல்லில் அப்பிக்கொண்டே சத்தமாக வேண்டினாள். "தப்பு செஞ்சவன் யாரோ அவன் கண்ணு எரியட்டும் தாயே." செய்தவன் பெயர் அவளுக்குத் தெரியாததால் பெயர் சொல்லவில்லை.

அவள் பின்னால் கட்டுப்போட்ட தோளோடு நின்றுகொண்டிருந்தேன். நெடியில் எல்லாருக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்ததால் என்னுடையதை யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மேடம் போன். நடந்ததை அவர் அந்தக் காரெத்துக்கு எழுதியிருக்கிறார். வருத்தப்படட்டும் என்று அல்ல, தெரிய வேண்டும் என்றுதான். எண்பது தாண்டிய மனிதர். ஆடிப்போய்விட்டாராம். என் இணைப்பு இதுவரை எங்கும் முறிந்ததில்லை, என் கை எங்கோ தவறியிருக்கிறது என்று பதில் எழுதியிருக்கிறார். மகளை உட்காரவைத்து, அவர் செய்த சைக்கிள் இன்னும் யார் யாரிடம் இருக்கிறதோ ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, இனி ஓட்டாதீர்கள், சுவரில் மாட்டிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பொள்ளாச்சிக்காரரிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாராம்.

"முறிஞ்ச இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா சார்? எங்க தப்புன்னு தெரிஞ்சா மனசு ஆறும்கிறார்" என்றார் மேடம்.

குடோன் சாவி மகனிடம் இருக்கிறது என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

குடோனுக்குப் போனேன். சாக்கைப் பிரித்தேன். முறிவு தகட்டின் விளிம்பை ஒட்டி, வெல்டிங் கோடு எப்படிப் போகிறதோ அப்படியே போயிருக்கிறது. முறிந்த முகத்தில் பாதி பளபளப்பு, பாதி மங்கல். மங்கல் என்றால் பழைய விரிசல். இரும்பு தெரிந்த எவனுக்கும் ஒரு பார்வை போதும். மனிதர் செய்த இணைப்பு, பித்தளை வைத்துத் தேய்த்து மெழுகியது, கொஞ்சமும் அசையாமல் அப்படியே இருக்கிறது.

பக்கத்திலேயே கட்டிங் மெஷின் இருக்கிறது. இந்த இடத்தை மட்டும் துண்டாக்கிப் பழைய இரும்பு லோடில் போட்டால் நாளைக்கு ஈரோடு போய்விடும். கடைப் பையன் தவறுதலாகப் போட்டுவிட்டான் என்றால் மேடம் நம்புவார். நான் சொன்ன எதைத்தான் அவர் நம்பவில்லை?

சுவிட்சைக்கூடப் போட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் பார்த்திராத ஒரு கிழவர், தான் வாழ்நாளெல்லாம் செய்ததைச் சுவரில் மாட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அணைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, சனி

டிரைவரோடு கோயம்புத்தூர் வடவள்ளிக்கு, மேடத்தின் வீட்டுக்குப் போனேன். சாக்கு மூட்டையை அவர் சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொல்லி, டிரைவரைக் கீழே அனுப்பிவிட்டேன். ஒரு கையால் என்னால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அவரே பிரித்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

தகடு வைத்தது நான்தான் என்றேன். பைப் மெல்லிசாக இருக்கிறது, ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்து வைத்தேன். நீங்கள் கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மேடம் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தார். "தெரியாம செஞ்சதுதானே சார். தெரியாம செஞ்சுட்டு அதுமேல நீங்களே ஏறி விழுந்தீங்க. இதுக்கா இவ்வளவு மறுகினீங்க?" என்றார். டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். நன்றாக இருந்தது. இவ்வளவு சுலபமாக முடியும் என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. சரக்கில் நல்ல பாதியைக் காட்டி விற்றுவிட்டு மீதியைச் சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். டீயை முழுசாகக் குடித்தேன்.

காரெத்துக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவர் வீடியோவில் அழைத்தார். அங்கே காலை. வெள்ளைத் தாடி, கம்பளிச் சட்டை, பின்னால் சுவர் முழுக்கத் தொங்கும் இரும்பு அரங்கள். மேடம் முறிவைக் காட்டி விளக்கினார். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு போனுக்குள் நுழைந்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்து, கண்ணை மூடி, மூச்சு விட்டார். முறிந்தது என் இணைப்பு இல்லை என்று அவர் சொன்னது மொழி தெரியாத எனக்கே புரிந்தது. மகளை அழைத்து ஏதோ சொன்னார். அவள் வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள்.

என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. வெல்டு செய்தவர் கை சுத்தம் என்று சொல்லச் சொன்னார். தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மெல்லிய பைப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், என் அப்பாவே என்னைத் திட்டியிருக்கிறார் என்று சிரித்தார். மேடம் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் முகமும் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் காரெத் முறிவை மறுபடி காட்டச் சொல்லி, ஓர் இடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

மேடம் திரும்பி, "இந்த மங்கலான பக்கம் பழைய விரிசலாம். ஒரே நாள்ல வராதாம், முதல்ல பெயிண்ட்ல ஒரு கோடு தெரியுமாம். உங்க கண்ணுல எதுவும் படலியான்னு கேக்குறார்" என்றார். பட்டிருக்காது என்று என் சார்பில் பதில் சொல்ல அவர் போன் பக்கம் திரும்பியும்விட்டார். நான் சும்மா இருந்தால் போதும்.

"பட்டுதுங்க" என்றேன்.

அவர் திரும்பினார்.

"பட்டுதுங்க மேடம். ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் பெயிண்ட் அடிச்சு மூடினேன். விரிசல்னு தெரியும். நீங்க அன்னிக்கு ஹெல்மெட் போடறப்பவும் தெரியும்."

போனில் கிழவர் ஹலோ, ஹலோ என்றார். இணைப்பு போய்விட்டது என்று நினைத்திருப்பார். மேடத்தின் கை மேசைமேல் அந்த வெல்டிங்கை விட்டு விலகி, அவர் கழுத்துக்குப் போய், அங்கே நின்றது.

"நான் வார் மாட்டிட்டு நின்னேனே வையாபுரி" என்றார். சார் இல்லை. "நீங்க பார்த்துட்டே நின்னீங்க."

ஆமாம் என்றேன்.

மேடம் போனைக் கையில் எடுத்தார். போனை அணைத்துவிடுவார் என்று நினைத்தேன். என்னை எழுந்து போகச் சொல்வார் என்றும் நினைத்தேன். இரண்டையும் செய்யவில்லை. போனை எங்கள் இருவர் முகமும் தெரிய நிமிர்த்தி, அந்தக் கிழவரிடம் நிதானமாகப் பேசினார். பெயிண்ட் என்ற சொல் எனக்குப் புரிந்தது. டூ டைம்ஸ் புரிந்தது. ஹெல்மெட் புரிந்தது. எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. நான் கொடுத்ததை அப்படியே கொடுத்தார்.

கிழவரின் முகத்திலிருந்து சிரிப்பு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனுக்கு எதிரிலிருந்து நகர்ந்து உட்கார இடம் இருந்தது. நகரவில்லை.